காய்ச்சல் போய்விட்டது, வாசனை திரிந்தே நிற்கிறது: மூக்கு நுனியை விட்டுவிட்டு மனவிழிப்புப் பயிற்சி செய்ய இயலுமா?

நாலுமணி அடுப்பு (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்தை ஒட்டிய கடைத்தெருவில் பசியாறும் கடை ஒன்றை 14 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால்தான், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் செம்பனைக் குலை அறுக்கப் போகிறவர்களுக்கும் நேரத்தோடு தோசையும் நாசி லெமாக்கும் கோப்பியும் கட்டிக் கொடுக்க முடியும். என் பிழைப்பு கையில் பாதி, மூக்கில் பாதி என்பதை இந்த ஓராண்டில்தான் தெரிந்துகொண்டேன்.

கடந்த ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு எனக்கும் மகளுக்கும் கோவிட் வந்தது. மகள் ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். எனக்குக் காய்ச்சல் 5 நாளில் இறங்கிவிட்டாலும், மூக்குக்கு எதுவுமே எட்டாத நிலை இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. தைப்பூசத்தை ஒட்டி வாசனை லேசாகத் திரும்பத் தொடங்கியபோது, முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பழையபடி வேலையில் இறங்கினேன். தொல்லை அதன் பிறகுதான் ஆரம்பித்தது. எண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை, கருகிய ரப்பரும் தேங்கிய சாக்கடையும் கலந்ததுபோல் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அந்த ஒப்புமையும் சரியில்லை. இதுவரை நான் முகர்ந்த எந்தப் பொருளோடும் அது ஒத்துப்போகவில்லை. வெங்காயம், பூண்டு, பொரித்த கோழி, முட்டை, கோப்பி, பற்பசை என எல்லாவற்றிலும் இப்போது அந்த ஒரே வாடைதான் அடிக்கிறது. வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிற கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) லாரி கடையைத் தாண்டிப் போகும்போது மட்டும் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. லாரி நாறாமல் கோப்பி நாறுகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சம்பாலுக்கு உப்பும் புளியும் சரிபார்க்கும் வேலையை மகளிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு உள்ளே இறங்குவதெல்லாம் ஆறிய சோறும் தயிரும் வெள்ளரிக்காயும்தான். 6 கிலோ எடை குறைந்துவிட்டது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் பேரனுக்குப் பத்து மாதம் ஆகிறது. குளிப்பாட்டித் துவட்டியதும் அவன் உச்சந்தலையில் முகம் வைத்துக்கொள்வது என் வழக்கம். இப்போது அவனைத் தூக்கும்போதே என் கழுத்து தானாக வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. மருமகள் அதைக் கவனித்துவிட்டாள். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை.

கிளினிக்கில் பார்த்த மருத்துவர், நரம்பு சரியாவதற்குக் காலம் எடுக்கும் என்றார். வாடிக்கையாளர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, வாரம் ஒரு நாள் நடக்கும் மைண்ட்ஃபுல்னஸ் என்ற மனவிழிப்புப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். கண்ணை மூடி மூக்கு நுனியில் மூச்சு போய்வருவதைக் கவனிக்கச் சொன்னார்கள். பக்கத்தில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடம்கூட உட்கார முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். மறு வாரம் போகவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. மனவிழிப்புப் பயிற்சி உண்மையிலேயே இந்த நோய்க்கு ஏதாவது செய்யுமா, அல்லது பொறுத்துக்கொள் என்பதையே நாகரிகமாகச் சொல்லும் வழியா? செய்யும் என்றால், மூக்கே எதிரியாக இருக்கும்போது அதை எங்கிருந்து தொடங்குவது? இது மனப்பிரமை என்று என் வீட்டுக்காரர் கருதுகிறார். அதற்கும் யாராவது பதில் சொன்னால் அவரிடம் படித்துக் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற தாதி (தைப்பிங்)

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கணவருக்கான பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். இது மனப்பிரமை அன்று. பாரோஸ்மியா என்பது இதன் மருத்துவப் பெயர். தமிழில் வாசனைத் திரிபு என்று சொல்லலாம். கோவிட் மட்டுமன்றி, சாதாரணச் சளிக் காய்ச்சலுக்குப் பிறகும் சிலருக்கு இது வருவதுண்டு. வாசனை அறவே போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பும் வேளையில் திரிந்து திரும்புவதுதான் இதன் வழக்கமான போக்கு என்பதால், நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு வியப்பு எதுவும் இல்லை.

மூக்கின் மேற்கூரையில் வாசனை நரம்புகள் இருக்கின்றன. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு. ஒரு கோப்பை கோப்பியிலிருந்து எழும் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் அவற்றில் பலவற்றை ஒரே நேரத்தில் தூண்டும்போதுதான், இது கோப்பி என்று மூளை இனம் காண்கிறது. கோவிட் கிருமி பெரும்பாலும் அந்த நரம்புகளை நேராகத் தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணை உயிரணுக்களைத்தான் பிடிக்கிறது. தாங்குபவை விழுந்தால் நரம்புகளும் கெடுகின்றன. நல்ல வேளையாக, வாசனை நரம்புகள் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைக்கக்கூடியவை. புதிதாக முளைத்தவை எல்லாம் ஒரே நாளில் சரியான இடத்தைப் போய்ச் சேர்வதில்லை என்பதே சிக்கல். நம் தோட்டத்து வழக்கில் சொல்வதானால், பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து மலைக்குப் போன புது ஆட்கள் தங்கள் மர நிரை எதுவென்று தெரியாமல் அடுத்தவர் நிரையில் போய் நிற்பதைப் போன்றது. பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களில் சிலர் இடம் மாறி நிற்கிறார்கள் என்றால், கணக்கு எடுக்கும் கிராணிக்கு எந்தக் கணக்கு கிடைக்கும்? ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் இதுவும் ஒன்று.

உங்களைத் துன்புறுத்தும் பொருள்களின் பட்டியலும் தற்செயலானது அன்று. வறுப்பதிலும் பொரிப்பதிலும் உண்டாகும் சில கந்தகச் சேர்மங்களை மிகச் சிறிய அளவிலேயே மூக்கு கண்டுகொள்ளும். 2022-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோப்பியின் வாசனையைக் கூறு கூறாகப் பிரித்து, வாசனைத் திரிபு உள்ளவர்களை முகரச் செய்தபோது, பெரும்பாலோரைக் குமட்டச் செய்த பொருள் 2-ஃப்யூரான்மெத்தேன்தயோல் என்று கண்டார்கள். நலமாக இருப்பவர்களுக்கு அது வறுத்த கோப்பியின் நறுமணம். மலம் போன்ற நாற்றங்கள் தங்களை முன்போல் உறுத்துவதில்லை என்று சிலர் சொல்வதும் அறியப்பட்ட ஒன்றுதான். ஆகவே உங்கள் கட்டிப்பால் லாரியை நான் நம்புகிறேன்.

மனவிழிப்புப் பயிற்சி அந்த நரம்புகளை வளர்க்காது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நரம்புக்கென்று இருப்பது வாசனைப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு வாசனைகளையும் காலையும் மாலையும் முகர வேண்டும், அவர்கள் 12 வாரம் செய்ய வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி போதும். நாம் பன்னீர், கஸ்தூரி எலுமிச்சைத் தோல், இடித்த கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் என்று எளிதாகத் திரட்டிக்கொள்ளலாம். கோடாலித் தைலத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள மெந்தாலின் குளிர்ச்சியை உணர்வது முகத்தின் தொடு நரம்பு. வாசனை நரம்பு செத்துக் கிடந்தாலும் அது எரியும், குளிரும், மூக்கு வேலை செய்கிறது என்று நம்மை ஏமாற்றும். முகரும் 20 விநாடியும் மனம் அந்தப் பொருளிலேயே இருக்க வேண்டும் என்பதால், மனவிழிப்புக்கு இங்கேயும் ஒரு வேலை இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடையில் எரிவாயுத் தோம்பு இருக்கும். எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் பொருளும் கந்தக வகைதான். நான்கு மணிக்குத் தனியாக அடுப்பைப் பற்றவைக்கும் நீங்கள் இப்போது அதை இனம் காண முடியாமல் போகலாம். கசிவு உணர்த்தும் கருவி ஒன்றை மாட்டுங்கள். தோம்பு மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். எடை இறங்குவதையும், பேரனைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே அந்த வருத்தத்தையும் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, இரத்தம், பார்வைக் கோளாறு, விடாத தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.

கரும்பலகை (பீடோர்)

அக்காவுக்கு வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். 2022 மார்ச்சில் எனக்குக் கோவிட் வந்தது. அந்த ஆண்டு ஜூன் முதல் ஏறக்குறைய இருபது மாதம் வாசனைத் திரிபோடு வாழ்ந்தேன். இப்போது முக்கால் பங்கு தேறிவிட்டது. பொரித்த முட்டை மட்டும் இன்னும் எனக்குப் பகைதான். தாதி அம்மா மூக்கைப் பற்றி எழுதிவிட்டதால், நான் மற்றதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வகுப்பிலிருந்து நீங்கள் எழுந்து ஓடியதில் தவறு எதுவும் இல்லை. மூக்கு நுனியைக் கவனிப்பது பழைமையான, நல்ல முறைதான். ஆனால் புண்ணாகிப்போன காலை ஊன்றி நடக்கப் பழகு என்று யாரும் சொல்வதில்லை. கவனம் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்த இடம் மூக்காகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. நான் முதலில் அடிவயிறு ஏறி இறங்குவதைக் கவனித்துப் பார்த்தேன். மூச்சு என்றாலே மனம் மூக்குக்குத் தாவியதால் அதையும் விட்டுவிட்டேன். பிறகு உள்ளங்கால். காலையில் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று, குதிகாலில் எவ்வளவு பாரம், விரல்களில் எவ்வளவு பாரம், தரையின் குளிர்ச்சி எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் மறைகிறது என்று மூன்று நிமிடம் கவனிப்பேன். மழை நாளில் தகரக் கூரை ஓசையே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் 1979-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய 8 வார மனவிழிப்புப் பயிற்சியிலும், படுத்தபடி உடலை உறுப்பு உறுப்பாகக் கவனித்துக்கொண்டு போகும் பகுதி முக்கியமானது. தீராத வலியோடு வந்தவர்களை வைத்துத்தான் அவர் அதை ஆரம்பித்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வலி போய்விட வேண்டும் என்பதை முன்நிபந்தனையாக வைத்த பயிற்சி அன்று அது.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். பயிற்சி தொடங்கி ஒரு மாதம் இருக்கும். சனிக்கிழமை, பள்ளி இல்லை. என் மனைவி சமையல் அறையில் இருந்தார். நான் முன்னறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எண்ணெயில் வெங்காயம் விழும் ‘சொய்’ என்ற ஓசை கேட்டது. அந்தக் கணமே என் வயிறு சுருங்கி, தோள் இரண்டும் காதுவரை ஏறி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்காலைக் கவனித்துப் பழகியிருந்ததால், இவை ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகுதான் ஒன்று உறைத்தது: வாசனை இன்னும் வரவே இல்லை. கதவு சாத்தியிருந்தது, மின்விசிறி எதிர்ப்பக்கம் சுழன்றுகொண்டிருந்தது. வாடை என்னை எட்டியதற்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு முன்பே நான் அதோடு சண்டைக்கு நின்றுவிட்டேன். அதுவரை என் துன்பம் முழுவதும் மூக்கில் இருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு பங்கு காதிலிருந்தும், கடிகாரத்திலிருந்தும் (மணி பன்னிரண்டானால் சாப்பாடு), மனைவியின் முகத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. மூக்கின் பங்கை நான் குறைக்க முடியாது. மற்ற பங்குகளைக் குறைக்க முடிந்தது. இதைத்தான் பயிற்சி எனக்குச் செய்தது. இதற்கு மேல் எதையும் செய்ததாகச் சொன்னால் பொய்யாகிவிடும்.

நான் செய்த தவறையும் எழுதுகிறேன். இணையத்தில் எதையோ படித்துவிட்டு, வெறுப்பில்லாமல் கவனித்தால் எல்லாம் கரைந்துவிடும் என்று நம்பி, முதல் வாரத்திலேயே சூடான கோப்பியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரையவில்லை, வாந்திதான் வந்தது, அதோடு பத்து நாளைக்கு எந்தப் பயிற்சியும் செய்யப் பிடிக்கவில்லை. பத்துக்குப் பத்து தொந்தரவு தரும் பொருளிடம் போய் வீரம் காட்டாதீர்கள். மூன்று மதிப்பெண் பெறும் பொருளில் தொடங்குங்கள். எனக்கு அது சவர்க்காரமாக இருந்தது. கை கழுவும்போது ஓர் இழுப்பு முகர்ந்து, நாற்றம் என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, இது கூர்மையாக இருக்கிறதா, கனமாக இருக்கிறதா, தொண்டைக்குள் இறங்குகிறதா, எப்போது மங்குகிறது என்று மட்டும் பார்ப்பேன். நாற்றம் என்ற சொல் முற்காலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் அருவருப்பு எப்படிக் குடியேறியது என்பதை என் மூக்கைக் கொண்டு படிக்க வேண்டியதாயிற்று. ஒரு சிறு புத்தகத்தில் இரண்டு எண்கள் மட்டும் எழுதுவேன்: வாடை எவ்வளவு கடுமை, அது என்னை எவ்வளவு பாதித்தது. முதல் எண் பல மாதம் அசையவே இல்லை. இரண்டாவது எண் மெல்ல இறங்கியது.

சாப்பாட்டு வேளையைப் பயிற்சி வேளையாக ஆக்கிவிடாதீர்கள் என்பது என் தனிக் கருத்து. உலர் திராட்சை ஒன்றை எடுத்து, பார்த்து, உருட்டி, மெதுவாக மென்று உண்ணும் பயிற்சியை இந்த வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். வாசனைத் திரிபு உள்ளவருக்கு அது பொருந்துமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு முறுக்கும் வெள்ளரியும் பொருந்தின. நொறுங்கும் ஓசையும் பல்லில் படும் உணர்வும் எனக்கு எஞ்சியிருந்தன. உணவை ஆறவைத்து உண்பதும் நல்லது. ஆவி பறக்கும் உணவுதான் வாசனைப் பொருளை மிகுதியாக மேலே அனுப்பும். நீங்கள் யாரும் சொல்லாமலேயே ஆறிய சோற்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

பழைய தண்டல் (கோல கங்சார்)

படித்தவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் ரப்பர் பால் கொட்டகைக்குப் பக்கத்து லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) பிறந்து வளர்ந்தவர்கள். ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் நாள்கணக்கில் குவிந்து கிடந்து நாறும். துரையைப் பார்க்க வந்தவர்கள் காடியை விட்டு இறங்கவே யோசிப்பார்கள். நாங்கள் அங்கேயே அடுப்பு வைத்துச் சமைத்து, அங்கேயே தின்று, அங்கேயே கலியாணமும் செய்தோம். யாரும் கண்ணை மூடி உட்காரவில்லை. பழகினால் சரியாகிவிடும் அம்மா, இரவில் படுக்கும்போது மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தாதி (தைப்பிங்)

ஐயா சொல்வது உண்மையான அனுபவம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு. ஒரே வாடை இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் நல்ல மூக்கு அதைச் சிறிது நேரத்தில் ஒதுக்கிவிடும். லயத்தில் நடந்தது அது. இந்தச் சகோதரிக்கு வாடை விட்டு விட்டு, ஒவ்வொரு வேளையும் புதிதாக, சோற்றுத் தட்டிலிருந்தே வருகிறது. அதைப் பழகினால் சரியாகும் என்று சொல்லிவிட்டால், பழகாதது அவருடைய குற்றம் என்று ஆகிவிடுகிறது. எண்ணெய் வேண்டாம். உறக்கத்தில் அது மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குள் இறங்கினால் அழற்சி உண்டாகும். மூக்கைக் கழுவ விரும்பினால் காய்ச்சி ஆறவைத்த நீரில் கலந்த உப்புக் கரைசல் போதும்.

பழைய தண்டல் (கோல கங்சார்)

எண்ணெயைப் பற்றி எழுதியதை மீட்டுக்கொள்கிறேன். கலியாணம் செய்ததை மீட்டுக்கொள்ள முடியாது.

நாலுமணி அடுப்பு (சுங்கை சிப்புட்) — ஏழு வாரத்துக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளி விடுமுறைக் காலத்தில் கடையில் கூட்டம் மிகுதி. தாதி அம்மா எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். புது ஆட்கள் நிரை மாறி நிற்கிற இடம் வந்தபோது மறுபடியும் படிக்கச் சொன்னார். அவர் இருபது ஆண்டு பால் வெட்டியவர். மறுநாள் தோம்புக்கு மேலே மாட்டுவதற்குக் கருவி வாங்கி வந்தார். எரிவாயு காற்றைவிடக் கனமானது, அதனால் தரையை ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதாக, அவரே ஆணியைப் பிடுங்கிக் கீழே இறக்கி அடித்தார். மனப்பிரமை என்ற சொல் அதன் பிறகு வீட்டில் எழவில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டேன். உள்ளே கருவி விட்டுப் பார்த்து, வேறு கோளாறு இல்லை என்றார். வாசனைப் பயிற்சியைத் தொடரச் சொன்னார். காலை நான்கு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் நான்கு சிறு போத்தல்களை வரிசையாக வைத்து முகர்கிறேன். ரோஜாவும் எலுமிச்சையும் வெறும் காற்றாகத்தான் இருக்கின்றன. கிராம்பு மட்டும் ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், போத்தலை மூடப் போகும் நேரத்தில், கிராம்பாக வந்துவிட்டுப் போனது. மறுநாள் வரவில்லை. வந்ததை எழுதி வைத்திருக்கிறேன்.

ஆசிரியர் தம்பி சொன்னபடி உள்ளங்காலில் தொடங்கினேன். கடையில் செருப்பு இல்லாமல் நிற்க முடியாது. அதனால் என் இடம் உள்ளங்கை ஆகிவிட்டது. தோசை மாவைக் கரண்டியால் எடுத்துக் கல்லில் ஊற்றி வட்டமாக இழுக்கும்போது, கரண்டிக் காம்பு கையில் எங்கெல்லாம் அழுத்துகிறது என்று பார்ப்பேன். ஒரு காலையில் 80, 90 தோசை ஊற்றுகிறேன், ஆகவே பயிற்சிக்குக் குறைவில்லை. மூன்றாவது வாரத்தில் அந்த ‘சொய்’ எனக்கும் அகப்பட்டது. எனக்கு அது வெங்காயத்தில் இல்லை. கோப்பித் தூள் டின்னின் மூடியை மகள் நெம்பும் ஓசையில் இருந்தது. டின் திறப்பதற்கு முன்பே என் வலது கை இடுப்புத் துண்டைப் பற்றிக்கொள்கிறது. இத்தனை மாதம் இது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் கை போகிறது. ஆனால் போவதைப் பார்த்து, சில நாள் விரல்களைத் தளர்த்திக்கொள்ள முடிகிறது. கோப்பி இன்னும் அதே நிலைமையில்தான் இருக்கிறது, மகள்தான் கலக்குகிறாள். புத்தகத்தில் முதல் எண் 9, எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை 9. இரண்டாவது எண் 9-லிருந்து 6-க்கு வந்து, போன வாரம் உடம்பு சரியில்லாதபோது 8 ஆகி, இப்போது 6.

மருமகளிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேரனின் சவர்க்காரமும் பவுடரும்தான் காரணமாக இருக்கலாம் என்று அவளாகவே யோசித்து, இரண்டு நாள் வெறும் வெந்நீரில் குளிப்பாட்டினாள். அப்போதும் வாடை இருந்தது, ஆனால் ஐந்து மதிப்பெண்தான். அவனை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, அவன் உள்ளங்கால் என் உள்ளங்கையில் இருக்கும் கனத்தைக் கவனித்தேன். அவனுக்குக் கூச்சம், உதைத்துக்கொண்டே இருந்தான். கழுத்து ஒரு முறை திரும்பியது. நான் அதைத் தடுக்கவில்லை, அதுவாகத் திரும்பி வந்தது.

ஒரு சிறிய சந்தேகம் இருக்கிறது. கிராம்பை இடித்துப் போட்ட போத்தலில் வாசனை குறைந்துவிட்டது என்று மகள் சொல்கிறாள். எனக்குத் தெரியவில்லை என்பதால் அவளை நம்பித்தான் ஆக வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறீர்கள்?

கரும்பலகை (பீடோர்)

நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புதிதாக இடித்துப் போட்டேன், அக்கா. எலுமிச்சைத் தோலை மட்டும் மூன்று நாளில் மாற்றிவிடுங்கள். பூசணம் பிடித்தாலும் நம் மூக்குக்குத் தெரியாது.